பெல்லட் அடுப்புக்கு எந்த பெல்லட்? வண்ணாரப்பேட்டையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, அவ்வளவுதான். ஆறு வருடமாக இரண்டு பெல்லட் அடுப்பில்தான் சமையல். பெல்லட் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன எரிபொருள் குச்சிகள். சாப்பிட வருகிறவர்கள் கை கழுவப் போகும்போது அடுப்பை எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். ஒரே கேள்விக்கு வாரத்தில் நாலு தடவை பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"இன்னா அக்கா இது, கோழித் தீவனமா?"

பாதிப் பேர் கேட்பது இதைத்தான். தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும். மாட்டுத் தீவனம் பிழியும் இயந்திரமும் மர பெல்லட் பிழியும் இயந்திரமும் ஒரே ஜாதிதான். மரத்தூளை நன்றாக உலர்த்தி, ஓட்டை போட்ட இரும்பு அச்சு வழியாக முறுக்குப் பிழிவதுபோல அழுத்தித் தள்ளுவார்கள். அந்த அழுத்தத்தில் சூடேறி, மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது பசைபோல இறுகிவிடும். நல்ல பெல்லட்டின் மேல் தெரியும் மினுமினுப்பு அதுதான். தனியாகப் பசை ஊற்றத் தேவையில்லை.

"கேஸ் இருக்கும்போது இது எதுக்கு?"

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலையில் ஒரு காபி போட பெல்லட் பற்றவைத்துக்கொண்டிருக்க முடியாது. என் வீட்டுக் காபியும் கேஸில்தான்.

தினமும் மூன்று நான்கு மணி நேரம் விடாமல் அடுப்பு எரிகிறவர்களுக்குத்தான் இது கட்டும். வீட்டிலேயே இட்லி மாவு, பலகாரம், மெஸ், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆர்டர் என்று செய்பவர்கள். வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வியாபாரச் சிலிண்டர் விலை தாங்காது. நானும் அப்படித்தான் இதற்கு வந்தேன்.

"எங்க பாட்டி மரத்தூள் அடுப்பு வெச்சிருந்தாங்க. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

உறவு உண்டு, ஒன்றல்ல. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. தகர டின் அடுப்பு, அடியில் ஒரு வாய். வாய் வழியாக ஒரு கட்டையும் நடுவில் ஒரு பாட்டிலும் வைத்து, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் குத்துவார்கள். நன்றாக இறுகியதும் பாட்டிலைத் திருகித் திருகி உருவ வேண்டும். உருவும்போது கை நடுங்கினால் அத்தனை தூளும் சரியும், மறுபடி முதலில் இருந்து. எங்கள் பாட்டி அந்த நேரத்தில் யாரையும் பேச விடமாட்டார். சரியாக அமைந்துவிட்டால் மணிக்கணக்கில் நின்று எரியும், சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் ஆகிவிடும். கூரையில் கரியும் ஏறும், கண்ணும் எரியும்.

பெல்லட் அடுப்பில் குத்துகிற வேலையை ஆலையிலேயே செய்துவிடுகிறார்கள். அடுப்பில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அது அடியில் கொஞ்சம் காற்றும், மேலே வரிசையாக இருக்கும் துளைகள் வழியாக நிறைய காற்றும் தள்ளுகிறது. மேலே இருந்து பற்றவைக்கிறோம். பெல்லட்டில் இருந்து கிளம்பும் புகையே அந்த மேல்காற்றில் கலந்து எரிந்துவிடுவதால் புகை வெளியே வருவதில்லை. பாட்டியின் அடுப்பில் வீணாய்ப் போன புகை இங்கே எரிபொருளாகிறது. அதனால்தான் இந்த அடுப்பு பெல்லட்டின் தரத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது. பாட்டியின் அடுப்பு எதைப் போட்டாலும் தின்னும்.

"6 எம்எம் வேணுமா 8 எம்எம் வேணுமான்னு கேக்குறான். எதைச் சொல்றது?"

சமையல் அடுப்புக்கு 8. கையால் கொட்டி நிரப்பும் அடுப்பில் பெல்லட்டுகளுக்கு நடுவே காற்று ஏற இடம் வேண்டும். 6 மில்லிமீட்டரும் எரியும், ஆனால் நெருக்கமாக அடைந்துகொள்வதால் என் அடுப்பில் தீ சற்று மந்தமாக இருந்தது. உங்கள் அடுப்போடு வந்த தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

விரல் தடிமனுக்கு மேல் இருப்பதெல்லாம் பாய்லருக்கான சரக்கு. முழங்கை மாதிரி தடியாக இருப்பது பிரிக்கெட், வெள்ளைக்கரி என்றும் சொல்வார்கள். உடைத்துப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். உடைத்தால் தூளாகத்தான் போகும்.

"வெளுப்பா இருக்கிறதுதான் நல்ல சரக்கா?"

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பட்டை கலந்தால் கருக்கும், அச்சில் சூடு அதிகமானாலும் கருக்கும், மரமே கருப்பாகவும் இருக்கலாம். நான் கடையிலேயே மூன்று காரியம் செய்வேன்.

ஒரு பெல்லட்டை விரலால் முறிப்பேன். 'டக்'கென்று சத்தத்தோடு உடைய வேண்டும், பிசைந்தாற்போல் உடைந்தால் ஈரம். அடுத்து மூட்டையின் அடியில் கைவிட்டுத் துழாவுவேன். மேலே எல்லா மூட்டையும் அழகாகத்தான் இருக்கும், தூள் அடியில்தான் கிடக்கும். மூன்றாவது, ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து போடுவேன். நன்றாக அழுத்திய பெல்லட் மூழ்கும். அப்புறம் சில நிமிடத்தில் ஊதி, பொரிந்து, மரத்தூளாகவே கரைந்துவிடும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை. மூழ்கி, நெடுநேரம் ஆகியும் கல் மாதிரி அப்படியே கிடந்தால் உள்ளே மரமல்லாத ஏதோ இருக்கிறது, வேண்டாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

"உமி பெல்லட் ரொம்ப சீப்பா கிடைக்குதே அக்கா, அதை வாங்கினா என்ன?"

செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய, அதனால் வட சென்னையில் பெல்லட் என்று கேட்டால் முதலில் கண்ணில் படுவது உமிதான். நானும் வாங்கினேன். முதல் வருடம், இருநூறு கிலோ. விலையைப் பார்த்து மயங்கியதுதான்.

உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதுவும் பெரும்பாலும் சிலிகா, அதாவது மணல் ஜாதி. ஒரு கிலோ எரித்தால் 150 முதல் 200 கிராம் சாம்பல் அடுப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். நல்ல மரப் பெல்லட்டில் அது 7 கிராமில் இருந்து 20 கிராம். உமிச் சாம்பல் உதிரவும் உதிராது, பெல்லட் வடிவத்திலேயே நிற்கும். கீழே இருந்து காற்று ஏறும் வழி அடைந்து, இரண்டாவது ஈடு இட்லி பாதியில் நின்றுவிடும். சூடு அதிகமான இடத்தில் சாம்பல் உருகிக் கட்டி தட்டி, துளைகளில் பீங்கான் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஸ்குரூடிரைவர் வைத்துத் தட்டி எடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது. சூடும் குறைவு. பெரிய பாய்லரில் சாம்பலைத் தள்ள ஏற்பாடு உண்டு, அவர்களுக்கு உமி சரி. நமக்கு இல்லை.

கடலைத்தோல் பெல்லட் இரண்டுக்கும் நடுவில். மரம் கிடைக்காத மாதங்களில் நான் அதைத் தொட்டிருக்கிறேன். நாளைக்கு ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை சாம்பல் தட்டினால் சமாளிக்கலாம்.

"சாம்பல் எவ்வளவுன்னு நாமளே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கிச்சன் தராசு போதும். அடுப்பைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, ஒரு கிலோ பெல்லட்டை எடை போட்டு எரியுங்கள். தீ அடங்கியதும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அப்போது அடியில் கிடப்பது பெரும்பாலும் கரி, சாம்பல் இல்லை. விசிறியைக் குறைவாக ஓடவிட்டு அதுவும் எரிந்து வெள்ளையாகும்வரை விடுங்கள். ஆறிய பிறகு எடை போட்டால் உண்மை தெரியும். 10 கிராமுக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 30 தாண்டினால் விலை பேசுங்கள். 100 தாண்டினால் மேலே சொன்ன உமியை மரம் என்று சொல்லி உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

அதனால் யார் என்ன சொன்னாலும் முதலில் 5 கிலோ மட்டும் வாங்குங்கள். 5 கிலோ தரமாட்டேன் என்கிறவரிடம் நான் மூட்டையும் வாங்குவதில்லை.

"ஒரு சிலிண்டருக்கு எத்தனை கிலோ பெல்லட் சமம்?"

கணக்கு இதுதான், ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். கேஸ் ஒரு கிலோவில் சுமார் 11,000 கிலோகலோரி சூடு. 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் பாத்திரத்துக்குள் போவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஒரு லட்சம். மரப் பெல்லட் ஒரு கிலோவில் 4,000. விசிறி வைத்த அடுப்பு குறைந்தது 35 சதவீதத்தையாவது பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்பது ஐஎஸ் 13152 என்ற இந்தியத் தர விதி. 35 என்றே வைத்தால் கிலோவுக்கு 1,400. ஒரு லட்சத்தை 1,400-ஆல் வகுத்தால் 70 கிலோவுக்குச் சற்று மேல்.

ஆக, 14.2 கிலோ சிலிண்டருக்கு 70 கிலோ, 19 கிலோ வியாபாரச் சிலிண்டருக்கு 95-ல் இருந்து 100 கிலோ. உங்கள் தெருவுக்கு வந்து சேரும் ஒரு கிலோ பெல்லட் விலையை, வண்டிக் கூலியோடு சேர்த்து, இந்தக் கிலோ கணக்கால் பெருக்குங்கள். சிலிண்டர் விலையைவிடக் கணிசமாகக் குறைந்தால்தான் இறங்க வேண்டும். ஐம்பது நூறு ரூபாய் மிச்சத்துக்குச் சாம்பல் அள்ள முடியாது. 'ஒரு கிலோ பெல்லட் ஒரு கிலோ கேஸுக்குச் சமம்' என்று சொல்லி அடுப்பு விற்க ஒருவர் வந்தார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன்.

"மழைக்காலத்துல எப்படி வெச்சுக்கறது?"

பெல்லட்டுக்கு எமன் ஈரம்தான். பத்து சதவீதத்துக்குள் ஈரம் இருக்க வேண்டிய பொருள் அது. தண்ணீர் பட்டால் டம்ளரில் நடந்தது மூட்டையிலும் நடக்கும். தண்ணீரே படாவிட்டாலும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்குக் காற்றிலேயே ஈரம். வாய் திறந்த சாக்கு சில வாரங்களில் தொய்ந்துவிடும்.

நான் மூட்டையோடு வைப்பதே இல்லை. வளையம் போட்டு மூடும் நீல டிரம்மில் கொட்டிவிடுவேன். 200 லிட்டர் டிரம்மில் சுமார் 130 கிலோ பிடிக்கும். டிரம் தரையில் நிற்கக் கூடாது, செங்கல் மேல் பலகை, பலகை மேல் டிரம். இந்தப் புத்தி வந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில். தரையில் அடுக்கியிருந்த ஆறு மூட்டையும் தண்ணீரில் ஊறிப் பிதுங்கி, சாக்கு வெடித்து, வீடு முழுக்க மரக்கூழ். வாரிக் கொட்டவே இரண்டு நாள் ஆனது. இப்போது அக்டோபர் பிறப்பதற்குள் டிரம்மை நிரப்பிவிட்டு, ஜனவரிவரை புதுச் சரக்கு எடுப்பதில்லை. மழையில் மீன்பாடி வண்டியில் தார்ப்பாய் மூடி வரும் மூட்டையை நம்ப முடியாது.

கொஞ்சம் நமுத்த பெல்லட்டை வெயிலில் காயவைக்கலாமா என்றால், முறித்தால் இன்னும் உடைகிற நிலையில் இருந்தால் காயவைக்கலாம். ஊதிவிட்டால் காயவைத்தாலும் திரும்ப பெல்லட் ஆகாது.

"புகை வருது. பெல்லட் மோசமா, அடுப்பு மோசமா?"

பற்றவைத்த முதல் மூன்று நான்கு நிமிடம் வரும் புகை இரண்டின் குற்றமும் இல்லை. மேலே கொஞ்சம் தேங்காய் நாரும் ஒரு துண்டு கற்பூரமும் வைத்துப் பற்றவைத்தால் அதுவும் குறையும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், இட்லியில் மணக்கும்.

அதற்கு மேலும் புகைந்தால் இந்த வரிசையில் பாருங்கள். விசிறி ஓடுகிறதா? (கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்திருக்கும், கவனித்திருக்க மாட்டோம்.) மேல் துளைகளுக்கு மேலே பெல்லட் நிரப்பிவிட்டீர்களா? நிரப்பினால் மேல்காற்று வேலை செய்யாது. சல்லடையில் சலித்தீர்களா? தூள் சேர்ந்தால் காற்று அடைபடும். நான் ஒவ்வொரு மூட்டையையும் டிரம்மில் கொட்டும்போதே சலித்துவிடுவேன். இவ்வளவும் சரி என்றால்தான் பெல்லட்டில் ஈரம். பாதியில் அணைந்து அணைந்து எரிந்தால் அது சாம்பல் கதை, மேலே பாருங்கள்.

"காசிமேட்டுல பழைய போட்டு பலகை சும்மாவே கிடைக்குது. அதை அரைச்சு பெல்லட் போடுறாங்களாம், எடுக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். படகுப் பலகையில் வருடக்கணக்கில் பெயிண்ட் மேல் பெயிண்ட். அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு பிடிக்காமல் இருக்க நஞ்சுள்ள பூச்சு. மரத்துக்குள் ஊறிய உப்பு வேறு. உப்பில் இருக்கும் குளோரின் சூட்டில் கிளம்பி அடுப்பின் இரும்பைத் தின்னும். பெயிண்டில் இருப்பது நம் நெஞ்சுக்குள் போகும்.

இதைவிட அதிகமாக ஏமாறுவது பிளைவுட் தூளில். மரச்சாமான் பட்டறைகளில் தேக்குத் தூளும், பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரைப் பசை போட்டு அழுத்திய பலகை) தூளும் ஒரே மூலையில்தான் குவிகின்றன. பலகை ஒட்டும் ரெசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். எரியும்போது கண்ணைக் கரிக்கும், மூக்கில் குத்தும். கையில் நாலு பெல்லட்டைத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மர மணம் வர வேண்டும். புது பீரோவைத் திறந்தாற்போல் அடித்தால் திருப்பிக் கொடுங்கள். எங்கே இருந்து தூள் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் மரம் அறுக்கும் மில் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவரிடம் நான் வாங்குகிறேன்.

"மூட்டை மேல ஏ1னு அடிச்சிருக்கு. நம்பலாமா?"

ஏ1 என்பது ஐஎஸ்ஓ 17225-2 என்ற உலகத் தர விதியில் வீட்டு உபயோகத்துக்கான முதல் தரம். சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஈரம் 10-க்குள். ஏ2 என்றால் சாம்பல் 1.2 வரை, பி என்றால் 2 வரை. சமையலுக்கு பி தரமே தாராளம்.

அச்சடிக்க யாராலும் முடியும். சோதனைக்கூட அறிக்கை கேளுங்கள், அதில் தேதியும் சரக்கு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்கள் கிச்சன் தராசுதான் சோதனைக்கூடம்.

"என் பொண்ணு கனடாவுல இருக்கா. ஹால்ல பெல்லட் ஸ்டவ்வாம், குளிருக்கு. அவளுக்கும் இதேதானா?"

அது வேறு ஜீவன். பெட்டியில் கொட்டினால் திருகாணி போன்ற ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தள்ளும், தானே பற்றிக்கொள்ளும், புகை குழாய் வழியாக வெளியே போகும். அதனால் அங்கே அளவும் சாம்பலும் இன்னும் முக்கியம். நீளமான பெல்லட் திருகில் சிக்கும், சாம்பல் கூடினால் எரிகிண்ணம் அடையும். வட அமெரிக்காவில் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ மூட்டையாக வரும். மூட்டையில் பிரீமியம் முத்திரை இருந்தால் சாம்பல் 1 சதவீதத்துக்குள். ஐரோப்பாவில் என்பிளஸ் ஏ1 என்று பார்க்க வேண்டும்.

கடின மரம்தான் நல்லது என்று அங்கேயும் சொல்வார்களாம். விறகில் அது சரி, நம் ஊரில் சவுக்குக்கும் முருங்கைக்கும் உள்ள வித்தியாசம். பெல்லட்டில் எல்லாவற்றையும் ஒரே அளவு அழுத்திவிடுவதால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. பிசின் இருப்பதால் பைன் ஜாதி மரம் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே சூடு தரும்.

"அடுப்பை முதல்ல வாங்கிடறேன். பெல்லட் அப்புறம் பாத்துக்கலாமா?"

தலைகீழ். முதலில் பெல்லட், அப்புறம்தான் அடுப்பு. 2006-ல் ஊர்ஜா என்று ஒரு பெல்லட் அடுப்பு வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பு, பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. அடுப்பில் குறையில்லை. பெல்லட்டுக்கான மூலப்பொருள் விலை ஏறி, பெல்லட் விலையும் ஏறி, சரக்கு கிடைப்பதும் அரிதாகி, வீடுகளில் அந்த அடுப்பு மூலைக்குப் போனது.

இப்போது போட்டிக்குப் பெரிய ஆள் வேறு. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம், அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பயிர்க்கழிவு பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. நமக்குப் பக்கத்திலேயே அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. லாரி லாரியாக எடுக்கும் வாடிக்கையாளர் இருக்கும்போது நம் ஐந்து மூட்டையை ஆலைக்காரர் எப்போது நினைவில் வைப்பார்? அதனால் குறைந்தது இரண்டு இடத்திலாவது தொடர்ந்து தருவார்களா என்று உறுதிசெய்துகொண்டு அடுப்பு வாங்குங்கள்.

"ஒரு டன் எடுத்தா விலை குறைச்சுத் தரேங்கறாங்க. எடுத்துடலாமா?"

முதல் தடவை எடுக்காதீர்கள். 5 கிலோ, அப்புறம் இரண்டு மூட்டை, அதற்கப்புறம் யோசிக்கலாம். ஒரு டன் என்பது இரண்டு பீரோ அளவு இடம். நாங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து குட்டியானையில் எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். மூட்டையை எண்ணும்போதே ஒன்றைத் தராசில் வைத்துவிடுங்கள், 20 கிலோ என்று எழுதிய மூட்டையில் 18 இருந்த கதை உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புது மரப் பெல்லட் சும்மா கிடக்கும்போதே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு விடும். ஐரோப்பாவில் பெல்லட் கிடங்குக்குள் இறங்கியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். வீட்டு டிரம்முக்குப் பயமில்லை. டன் கணக்கில் சன்னல் இல்லாத அறையில் பூட்டி வைப்பதாக இருந்தால் காற்றுக்கு வழி விடுங்கள்.

"தீ அடங்கினப்புறம் அடியில கங்கு கிடக்கே, அடுப்பை அப்படியே உள்ள வெச்சுட்டுப் படுத்துக்கலாமா?"

கூடாது. மேலே சொன்ன அதே வாயுதான். தீ எரியும்போது அது பெரும்பாலும் எரிந்துவிடும், தீ அணைந்து கரி மட்டும் கனலும்போதுதான் அதிகம் வரும். மணமும் கிடையாது, புகையும் கிடையாது. கதவைச் சாத்திய சின்ன வீட்டில் அது உயிர் வாங்கும். அடுப்பை வெளியே, தாழ்வாரத்தில் வையுங்கள்.

சாம்பலையும் சூடாகக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டி உருகி எங்கள் தெருவே நாறியிருக்கிறது. இரும்பு வாளியில் ஒரு நாள் மூடி வைத்து அப்புறம் கொட்டுங்கள். அந்தக் கங்கை வீணாக்க மனமில்லை என்றால், தீ அடங்கும் நேரத்துக்குச் சரியாகப் பிரியாணி அண்டாவை ஏற்றி தம் போடுங்கள். கொஞ்சம் கங்கை மூடி மேலேயும் வாரிப் போட்டால் இருபது நிமிடம்.